கடைசிப் பக்கத்துக்கு ஒரு கேள்வி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன ஒருவன் கம்ப்யூட்டரில் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் பக்கம் போட்டேன். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில், முதலில் ஈய எழுத்துகளைக் கோத்தும் பிறகு விசைப்பலகையில் தட்டியும் பக்கம் போடுவதே என் பிழைப்பு. ஆங்கிலம் பேச வராது. ஆனால் ஆங்கிலக் கல்யாணப் பத்திரிகைகளை ஒரு பிழை இல்லாமல் கோத்துக் கொடுத்திருக்கிறேன். பொருள் தெரியாதவன் எழுத்து எழுத்தாகத்தான் பார்ப்பான். அது ஒரு வசதி. பேசுவதற்குத்தான் கூச்சம். யாராவது எதிரே வந்து நின்றால் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். வேலையில் அந்தக் கூச்சம் எனக்கு இருந்ததில்லை.

வருடா வருடம் கார்த்திகை பிறந்தால் எங்களுக்கு ஒரு சபாவின் நிகழ்ச்சிப் புத்தகம் வரும். மார்கழிக் கச்சேரிகள் அத்தனையும் அதில் இருக்கும்: தேதி, நேரம், பாடுகிறவர், பக்கவாத்தியங்கள். பின்னால் தேதிவாரியாக ஒரு அட்டவணை, கலைஞர் பெயர்வாரியாக இன்னொன்று. ஒரு வயலின்காரர் வரமுடியாது என்று சொல்லிவிட்டால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். யாராவது வரமுடியாது என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். செயலாளர் ஆள் அனுப்புவார், நான் திருத்துவேன், அந்த மை காய்வதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் சபாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு டேட்டாபேஸ் எழுதிக் கொடுத்தவர் அசோக் நகரிலிருந்து வந்த ஒரு பெண். அடையாறில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். விடுமுறை நாட்களில் சபா வேலையைப் பார்த்துக் கொடுப்பார். மழைநாள் ஒன்றில் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். நான் சபா கொடுத்திருந்த தாள்களைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இதெல்லாம் நான் அங்க ஒரு தடவை ஏத்திட்டேன். நீங்க எதுக்கு மறுபடி அடிக்கிறீங்க?" என்றார்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்திருந்தார். அதில் டேட்டாபேஸின் நகலும் ஒரு சின்னக் கருவியும் இருந்தன. அவர் சொன்ன விளக்கம் இது. "நீங்க பக்கத்துல எங்க கச்சேரி வரணுமோ அங்க ஒரு குறி மட்டும் போட்டு வச்சிடுங்க. இது டேட்டாபேஸ்ல போய்க் கேக்கும். என்ன பதில் வருதோ அதை எடுத்துட்டு வந்து, குறி இருந்த இடத்துல வச்சிடும். அதுக்கப்புறம் உங்க புரோகிராம் வழக்கம்போல பக்கம் பிரிச்சுக்கும்."

ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். எந்தப் பேச்சிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

"சர்வர் மாரி. நாம டேபிள்ல குந்திக்கினு ரெண்டு இட்லின்னா, அவன் உள்ள போய் எட்தாந்து வைக்கிறான். கரீட்டா?"

"அதேதான்," என்றார் அந்தப் பெண்.

"அப்ப மாமா இனிமே இன்னா பண்ணுவாரு? கல்லாவுல குந்துவாரா?"

கருவிக்குச் சர்வர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் கல்லாவில் உட்காரவில்லை. வேலை கூடத்தான் செய்தது. சர்வருக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு தனி ஃபைல். சமையலறை, அதாவது டேட்டாபேஸ், எங்கே இருக்கிறது என்று முதலில் ஒரு வரி. அதற்குக் கீழே, இந்தக் குறியைக் கண்டால் இந்தக் கேள்வியைக் கேள் என்று குறிக்கு ஒரு வரி. கேள்விகள் ஆங்கிலத்தில், அந்தப் பெண் எழுதினார். குறிகளும் பக்க அமைப்பும் என்னுடையவை. பாடுகிறவர் பெயர் தடித்த எழுத்தில், பக்கவாத்தியம் உள்தள்ளி, வாத்தியத்துக்கும் பெயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதையெல்லாம் நான் சொன்னேன்.

முதல் தடவை ஓட்டியபோது ஒரு நாளின் கச்சேரிகள் எல்லாம் இடைவெளியே இல்லாமல் கூட்ஸ் வண்டி மாதிரி ஒரே வரியில் வந்து நின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு வரியை முறிக்கச் சொல்லி எழுதிவைத்தோம். இரண்டாவது தடவை சில பெயர்கள் பாதியில் நின்றன. இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அந்த நாளில் தமிழ் எழுத்துகள் ஆங்கிலக் குறிகளின் இடத்தில் குடியிருந்தன. எங்கள் எழுத்துருவில் ஒரு தமிழ் எழுத்து சதவீதக் குறியின் இடத்தில் இருந்தது. பக்கம் போடும் புரோகிராம் சதவீதக் குறியைக் கண்டால் அந்த வரியின் மிச்சத்தைப் படிக்காது. அந்த எழுத்து வரும் பெயர்கள் எல்லாம் அங்கேயே வெட்டுப்பட்டன. அதற்கு ஒரு காவல் சொல் இருந்தது. கேள்வியின் முடிவில் அதைச் சேர்த்தால் சர்வர் அந்த எழுத்தைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரும்.

எல்லாம் சரியானபின் புத்தகம் முழுவதையும் ஓட்டினோம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். அச்சகக் கணக்கு அப்படித்தான். மூன்று பாரம், நாற்பத்தெட்டுப் பக்கம். கடைசி வரி கடைசிப் பக்கத்தின் அடியில் வந்து அழகாக நின்றது. இதையெல்லாம் தட்டிச் சேர்க்க முன்பு எனக்கு எத்தனை நாளாகும் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

புரூஃபை எடுத்துப் படித்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு கச்சேரியிலும் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று போய் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தம்புரா என்று போட்டு, பக்கத்தில் ஒரு பெயர்.

கச்சேரி பார்த்தவர்களுக்குத் தெரியும். தம்புரா போடுகிறவர் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். திரை தூக்குவதற்கு முன்பு தொடங்கி மங்களம் வரைக்கும் அவர் விரல் ஓயாது. அவர் பெயரை எந்தப் புத்தகத்திலும் போடுவதில்லை. நான் ஈயத்தில் கோத்த காலத்திலிருந்து ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இந்த வருடம் செயலாளர் மாற்றியிருக்கிறாரோ என்னவோ, அவரே பார்த்துச் சொல்லட்டும் என்று புரூஃபைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். புரூஃப் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

அவர் வீட்டு முன்னறைதான் சபாவின் ஆபீஸ். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு பூப்போட்ட உறை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார்.

"இதென்னப்பா, தம்புராவுக்கெல்லாம் பேர் போட்டுண்டு? எந்த சபாவிலயாவது பாத்திருக்கியா? பாடறவா கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"டேட்டாபேஸ்ல இருக்கு சார்."

"அது யார் யாருக்கு டிபன் குடுக்கணும்னு நான் போட்டு வெச்சிருக்கேன். மேடைல எத்தனை பேர் உக்காருவாளோ அத்தனை பேரும் அதுல இருப்பா. டிபன் சாப்பிடறவா பேரையெல்லாம் புஸ்தகத்துல போடுவாளா? விட்டா உன் சர்வர் ஆட்டோக்காரன் பேரையும் கொண்டு வந்து வெச்சுடும்."

விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் கேள்வி, மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் யார் என்று கேட்டிருந்தது. டேட்டாபேஸ் உண்மையான பதிலைச் சொல்லியிருந்தது.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடிக்கத் தொடங்கினார். அப்போது வாசலில் ஒரு அம்மாள் ஈரக்குடையை மடக்கியபடி நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். அவரை நான் மேடையில் பல தடவை பார்த்திருக்கிறேன். யார் முகத்துக்குப் பின்னாலும் அவர் முகம் இருக்கும். தான் வரவேண்டிய நாட்களைக் குறித்துக்கொண்டு போக வந்திருந்தார். மேசையில் கிடந்த தாளைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"இது என் பேருங்களா?" என்று என்னைக் கேட்டார்.

செயலாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "தவறுதலா விழுந்துடுத்தும்மா. எடுத்துடறோம்," என்றார்.

"சரிங்க," என்றார் அந்த அம்மாள். தாளைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியை மறுபடி படித்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

நாட்களைக் குறித்துக்கொண்டு என் பின்னாலேயே வெளியே வந்தார். ஆதம்பாக்கத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு லஸ் வரை நடக்க வேண்டும். தூறலில் சேர்ந்து நடந்தோம்.

"அந்தத் தாள் ஒண்ணு எனக்குக் கிடைக்குமா தம்பி?"

"அதுல சிவப்பு அடிச்சிட்டாரும்மா. எதுக்கு?"

சொன்னார். வயதான கலைஞர்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் ஒரு உதவி தருகிறது. விண்ணப்பித்திருக்கிறார். அங்கே இருக்கும் ஆபீசர், மேடை ஏறியதற்கு அச்சடித்த சான்று ஏதாவது கொண்டுவரச் சொல்லிவிட்டார். செயலாளர் எழுதிக்கொடுத்த கடிதத்தைக் காட்டினால், கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், நோட்டீஸ் இருந்தால் கொண்டுவாருங்கள் என்கிறாராம்.

"முப்பது வருஷமா மேடையில உக்காந்திருக்கேன். ஒரு நோட்டீஸ்லயும் உக்காரலை," என்றார். குறை சொல்கிற குரலாக இல்லை. பஸ் எப்போது வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். விரல் முன்னைப்போல நிற்கவில்லை, இந்த வருடமோ அடுத்த வருடமோ தம்புராவைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான், அதன்பின் இந்த உதவி ஒன்றுதான் என்றும் சொன்னார்.

புரூஃப் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது, அது அச்சடித்த சான்று ஆகாது என்று சொன்னேன். "பாக்கறேம்மா," என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் புரோகிராமர் பெண் வந்தார். தம்புராவை எடுக்க ஒரே ஒரு நிபந்தனை போதும். கேள்வியின் வாலில் நாலு சொல் சேர்த்தார். ஓட்டினோம். கச்சேரிக்கு ஒரு வரி குறைந்தது. குறைந்த வரிகளெல்லாம் சேர்ந்து பக்கங்களை மேலே இழுத்துக்கொண்டன. நாற்பத்தேழாம் பக்கத்தோடு புத்தகம் முடிந்துபோய்விட்டது.

மெஷின்காரர், பிளேட்டுக்காக எடுத்த டிரேசிங் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா மாமா, கடைசிப் பக்கம் மொட்டையா கீது?"

"வரி குறைஞ்சிடுச்சு."

"மொட்டைப் பக்கத்தோட நான் வண்டி ஓட்ட மாட்டேன். பாக்கறவன் என்னியத்தான் கேப்பான், மை தீந்துப்போச்சான்னு."

அச்சகத்தில் அது ஒரு பழக்கம். வெற்றுப் பக்கத்தோடு புத்தகத்தை வெளியே விடமாட்டோம். விளம்பரம் போடுவோம், இல்லையென்றால் குறிப்புகள் என்று தலைப்பு வைத்துக் கோடு இழுப்போம். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யார் விட்டுப்போன இடம் என்று எனக்குத் தெரியும்.

"இங்க ஒரு குறி போடறேன். தம்புராவை மட்டும் கேக்க முடியுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். லஸ்ஸுக்கு நடந்தபோது கேட்டதையும் சொன்னேன்.

அவர் உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் தேதி வரிசையில் வரவழைத்தார். ஒரே பெயர் அங்கங்கே சிதறிக் கிடந்தது.

"ஆள் வரிசையா வேணும். பேர் ஒரு தடவை, அதுக்குக் கீழ அவங்க வர்ற நாள் எல்லாம்," என்றேன்.

"புத்தகம் பூரா தேதி வரிசைதானேண்ணா?"

"இந்தப் பக்கத்தை ஒரு ஆபீசர் படிக்கணும். அவர் தேடக் கூடாது."

கேள்வியை மாற்றி எழுதினார். இப்போது ஆள் வரிசையில் வந்தது. ஆனால் அந்த அம்மாளின் பெயர் பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். புதுக் கேள்விக்குக் காவல் சொல் போட மறந்திருந்தோம். அவர் பெயரிலும் அந்தச் சதவீத எழுத்து இருந்தது. வரியின் முடிவில் காவல் சொல்லை நானே தட்டினேன். பெயர் முழுதாக வந்தது. தலைப்புக்குத் 'தம்புரா' என்று வைத்து, மேலும் கீழும் இடம் விட்டு, பக்கம் நிரம்பி நிற்கும்படி வரிகளைக் கொஞ்சம் தளர்த்தினேன். புத்தகத்திலேயே நன்றாக அமைந்த பக்கம் அதுதான். இதை அடக்கத்துக்காக மாற்றிச் சொல்லப் போவதில்லை.

செயலாளரிடம் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன்.

"கடைசிப் பக்கம் காலியா நிக்குது சார்."

"விளம்பரம் போடேன்."

"நாளைக்கு பிளேட் போடணும். இனிமே ஆள் பிடிச்சு, படம் வாங்கி..."

"அப்ப குறிப்புகள்னு போட்டுக் கோடு இழுத்துடு."

"வருஷா வருஷம் இழுக்கறோம் சார். அதுல ஒருத்தர் எழுதி நான் பாத்ததில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"நேத்திக்குத்தானே வேண்டாம்னேன்?"

"பாடறவங்க பேருக்குக் கீழ வேண்டாம்னீங்க சார். எடுத்தாச்சு. இது யார் பக்கத்துலயும் வராது. தனிப் பக்கம்."

என் வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தலைப்பு வெறும் தம்புராவா? சுருதின்னு போடேன், அழகா இருக்கும்."

"தம்புரான்னே இருக்கட்டும் சார். ஆபீசருக்குப் புரியணும்."

"எந்த ஆபீசருக்கு?"

நான் சொல்ல வேண்டியதாயிற்று. உதவித்தொகை விண்ணப்பத்தையும் அச்சடித்த சான்று கேட்டதையும் சொல்லும்வரை சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கடிதத்தை ஏற்கவில்லை என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் லெட்டரையா? சபா லெட்டர்ஹெட்ல, சீல் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அது செல்லாதுன்னுட்டானா அவன்?"

"நோட்டீஸ்தான் வேணுமாம் சார்."

"போடு. எழுத்து சின்னதா இருக்கு, பெருசாப் போடு. நம்ம சபா பேர் அந்தப் பக்கத்துல இருக்கா? மேல ஒரு தரம் போட்டுடு."

எழுத்து சரியான அளவில்தான் இருந்தது. சபா பெயரை மட்டும் சேர்த்தேன்.

அன்று சாயங்காலமே அந்த அம்மாள் அச்சகத்துக்கு வந்தார். செயலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்தைக் கையில் கொடுத்தேன். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, பெயரை விட்டுவிட்டு நேராக நாட்களைப் படித்தார். ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"இந்த நாள் நான் இல்லை தம்பி. வரமுடியாதுன்னு நேத்தே சொல்லிட்டேன். மந்தைவெளிப் பொண்ணு ஒருத்தி உக்காரப் போறா. அவ பேரைப் போடுங்க."

மெஷின்காரருக்குப் பொறுக்கவில்லை. "இருந்துட்டுப் போட்டும்மா. ஒரு நாள் கூட இருந்தா உனக்குத்தான நல்லது. யாரு வந்து எண்ணப் போறான்?"

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு நாள் வயசாகும்ல," என்றார் அம்மாள்.

மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

சபாவுக்குப் போன் செய்து டேட்டாபேஸில் அந்த ஒரு பெயரை மாற்றச் சொன்னேன். ஃபிளாப்பி வந்ததும் ஓட்டினேன். அந்தத் தேதி அம்மாளின் பெயருக்குக் கீழிருந்து மறைந்தது. பக்கத்தின் அடியில் ஒரு புதுப் பெயர், அதற்குக் கீழே அந்த ஒரு தேதி. நான் எதையும் தொடவில்லை. பக்கமும் சரியாகவே நின்றது. ஓரிரு வரி கூடினால் இருக்கட்டும் என்று அடியில் இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன்.

புத்தகம் மார்கழிக்கு முன்னால் வெளியே போனது. பாடகர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. தனக்கு ஒரு போன்கூட வரவில்லை என்று செயலாளர் கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார். பதில் தயாராக வைத்திருந்தாராம்.

பொங்கல் கழிந்து, வெயில் ஏறத் தொடங்கியபின் அந்த அம்மாள் மறுபடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. புத்தகத்தைக் காட்டினாராம், கடைசிப் பக்கத்தை ஆபீசர் இரண்டு தடவை படித்தாராம், உத்தரவு வந்துவிட்டது. பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எப்படித் தம்பி அது வந்துச்சு? நான் எழுதிக் குடுக்கவேயில்லையே," என்று கேட்டார்.

விளக்கிச் சொல்ல எனக்கு வராது. காட்டினேன். போன வருடத்து ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்கான அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். திரையில் நாற்பத்தெட்டாம் பக்கம் தலைப்பு மட்டும் நிற்க வெறுமையாக வந்தது. அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தார். வரியைத் திரும்ப வைத்து ஓட்டினேன். பெயர் வந்தது, கீழே நாட்கள் வந்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. ஒரு கேள்வி."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"நல்லா இருக்கு தம்பி. இனிமே அந்த வரியை எடுத்து எடுத்துப் பாக்காதீங்க," என்றார்.